ஸ்பேனர், சீவாளி, கண்மாய் மண்

தவில் உறைக்குள் ஒரு ஸ்பேனர்.

வித்வான் உட்கார்ந்ததும் முதலில் எடுத்தது அதைத்தான். நட்டுகளை ஒரு சுற்று இறுக்கினார். தட்டிப் பார்த்தார். இன்னும் அரைச் சுற்று.

தோல்வாரால் இழுத்துக் கட்டிய காலம் போய்விட்டது. இப்போது இரும்பு வளையம், போல்ட்டு, நட்டு. பலாமரக் கட்டை மட்டும் அப்படியே.

ஒரு முகத்துக்கு ஆட்டுத்தோல். மறுமுகத்துக்கு எருமைக்கன்றுத் தோல். இடது கையில் பூவரசங் கழி. வலது கை விரல்களில் கூடு. துணியில் பசை தடவி, விரலில் சுற்றி, காயவைத்து, கல்லாக்கியது.

வாசித்து முடித்ததும் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டார். டக். டக். டக். அதையும் வாசிப்போடு சேர்த்துத்தான் கேட்டேன்.

*

மதுரை மாசி வீதி. சுவாமி புறப்பாடு. முன்னால் வருவது டங்கா மாடு.

முதுகின் இரண்டு பக்கமும் முரசு. அத்தனை சத்தமும் அதன் விலாவிலிருந்து கிளம்புகிறது. மாட்டின் காது மட்டும் அசைகிறது. கண் அசையவில்லை.

ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில் செம்புக் கிண்ணங்கள். டிம்பனி. அதன் முன்னோர் துருக்கியிலும் அரபு நாடுகளிலும் ஒட்டகத்தின் மேலும் குதிரையின் மேலும் ஜோடியாகத் தொங்கிய நகாரா. படையோடு ஐரோப்பாவுக்குப் போனது. 17ஆம் நூற்றாண்டில் அரங்கத்துக்குள் நுழைந்தது. குதிரை வெளியே நின்றுவிட்டது.

இன்றும் டிம்பனி தனியாக வருவதில்லை. குறைந்தது இரண்டு.

மதுரையில் விலங்கும் சேர்ந்தே வருகிறது.

*

நையாண்டி மேளம். எண்ணி எழுதியது: நாதசுரம் 2, தவில் 2, பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். ஆள் குறைந்தால் தாளக்காரரே இன்னொன்றையும் பார்த்துக்கொள்கிறார்.

எல்லோரும் நின்றபடி. ஆட்டக்காரர் நகர்ந்தால் மேளமும் நகர்கிறது.

யாரும் யாருக்கும் கை காட்டவில்லை. நாதசுரக்காரர் புருவத்தைத் தூக்குகிறார். தவில் அதைப் பிடித்துக்கொள்கிறது. பம்பை தவிலைப் பிடித்துக்கொள்கிறது.

தமுக்கு ஒரு சின்னக் கிண்ணம். வாய்க்குத் தோல். ஊரில் கண்மாய் ஏலம் சொல்லவும் இதையேதான் அடித்தார்கள்.

உறுமிக்கு ஒரு பக்கம் அடி, மறுபக்கம் தேய்ப்பு. வளைந்த குச்சி தோலின் மேல் இழுபடுகிறது. தோல் முனகுகிறது. அந்த முனகல் வந்ததும் கூட்டத்தில் ஒரு அம்மா கண்ணை மூடிவிட்டார்.

வயலினிலும் தேய்ப்புதான். குதிரைவால் முடி. அதில் பைன் மரப் பிசின். பிசின் இல்லாவிட்டால் வில் வழுக்கிப் போகும், சத்தம் வராது.

*

சிலப்பதிகாரம், அரங்கேற்று காதை. திரும்பவும் எடுத்துப் பார்த்தேன்.

குழலின் வழியில் யாழ் நிற்கிறது. யாழின் வழியில் தண்ணுமை. தண்ணுமையின் பின்னால் முழவு. முழவோடு சேர்ந்து ஆமந்திரிகை.

ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவ்வளவு. நடுவில் மேடை போட்டுக் கோலோடு ஒருவர் நிற்பதாக இளங்கோ எழுதவில்லை.

குழல் ஆசிரியன், யாழ் ஆசிரியன், தண்ணுமை ஆசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கே வரி வரியாக இடம் கொடுத்திருக்கிறார். கதை அதுவரை காத்திருக்கிறது.

மாதவி ஆடுவதற்கு முன்பு இவ்வளவும். பள்ளியில் படித்தபோது இதையெல்லாம் தாண்டி ஓடினோம்.

*

மலைபடுகடாம். கூத்தர் கூட்டம் மலைவழி போகிறது. கருவிகளைப் பைகளில் கட்டி, பாரம் இரு புறமும் சமமாக இருக்கும்படி சுமக்கிறார்கள். காய்த்த பலாவின் கொத்துபோல் அந்தப் பைகள் தொங்குகின்றன என்று புலவர் சொல்கிறார்.

முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை.

இதில் இன்று எத்தனையைக் கண்டுபிடித்துக் கையில் எடுக்க முடியும்? விரல் விட்டுப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டேன்.

எடை சமமாக இருக்க வேண்டும் என்ற விவரம்தான் பிடித்துக்கொண்டது. வாசித்துப் பிழைக்கிறவர்களோடு நடந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

*

சீவாளி.

நாதசுரத்தின் உயிர் அந்த நாணல் துண்டு. திருவாவடுதுறைப் பக்கம் செய்கிறார்கள். கொறுக்கையை வெட்டி, பதப்படுத்தி, வேகவைத்து, காயவைத்து, நாள்பட விட்டு. கெண்டையில் பொருத்தி வாயில் வைத்தால் எச்சில் ஊறிய பிறகே பேசும்.

நாயனத்தில் கொத்தாகத் தொங்கும் மாற்றுச் சீவாளிகள். ஒரு ஊசி. வாசித்துக்கொண்டே இருக்கிறார், சட்டென்று மாற்றுகிறார். கூட்டத்துக்குத் தெரியவே இல்லை.

கருவியின் உடல் ஆச்சா மரம். நரசிங்கன்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு.

ஐரோப்பிய ஊதுகருவியான ஓபோவிலும் இரட்டை நாக்கு. அதுவும் நாணல். தென் பிரான்சின் வார் பகுதியில் விளைவது. ஓபோக்காரர்கள் பலர் தங்கள் நாக்கைத் தாங்களே சீவிக்கொள்கிறார்கள். சின்னக் கத்தி, சின்னப் பலகை. வாசிக்கும் நேரத்துக்குக் குறையாமல் சீவும் நேரம்.

ஆர்கெஸ்ட்ரா தொடங்கும் முன் ஓபோ ஒரே ஒரு சுரம் ஊதும். மற்ற எல்லோரும் அதோடு சேர்ந்துகொள்வார்கள்.

அந்த ஒரு சுரத்துக்காகவே சில நாள் ரெக்கார்டை முதலிலிருந்து போடுகிறேன். பாட்டு பிறகு.

*

ஒத்து.

விரல் துளை இல்லாத நாயனம். ஒரே சுரம். இரவு முழுக்க. மூச்சு அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு மூக்கால் இழுக்க வேண்டும்.

பழைய புகைப்படங்களில் ஒத்துக்காரர் ஓரத்தில் நிற்கிறார். பெரும்பாலும் சின்னப் பையன். படத்தின் கீழே எல்லோருடைய பெயரும் இருக்கும், அவனுடையதைத் தவிர.

இப்போது சுருதிப் பெட்டி. பிளக் குத்தினால் போதும். மண்டபத்தில் கரண்ட் போனபோது பெட்டியும் நின்றது. நாதசுரக்காரர் நிற்கவில்லை. சுருதி அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள்ளும் கொஞ்ச நேரம்.

*

மதுரை பொன்னுசாமிப் பிள்ளை. நாதசுரக்காரர். 'பூர்வீக சங்கீத உண்மை' என்று ஒரு புத்தகம், 1930. மேளகர்த்தா 72 அல்ல, 32 என்று வாதாடுகிறார்.

சரியா தப்பா என்று பண்டிதர்கள் பேசட்டும். விரலால் துளையைப் பாதி மூடி, கால் மூடி, உதட்டால் நாக்கை அழுத்தி, சுரத்தை உடம்பால் கண்ட ஒருவர் ஏட்டுக் கணக்கோடு மோதியிருக்கிறார். அதற்காகவே அந்தப் புத்தகத்தைக் கும்பிடலாம்.

பேரன்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி. 'தில்லானா மோகனாம்பாள்', 1968. திரையில் சிவாஜியின் விரல். காதில் மதுரைச் சகோதரர்களின் மூச்சு.

விரலை மட்டும் பார்க்க ஒரு தடவை, கன்னத்தை மட்டும் பார்க்க ஒரு தடவை என்று அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

*

மீனாட்சி கோயில் வடக்கு ஆடி வீதி, மொட்டைக் கோபுரம் பக்கம். இசைத்தூண்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் 22 சின்னத் தூண்கள், ஒரே கல்லில் குடைந்தவை.

22 என்றதும் 22 சுருதி என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்லவில்லை.

ஒவ்வொரு சின்னத் தூணுக்கும் பருமன் வேறு. சிற்பி உளியை எங்கே நிறுத்தினாரோ அங்கே சுரம் நின்றுவிட்டது. ஒரு கொத்து கூடிப்போனால் திரும்ப ஒட்ட முடியாது.

எத்தனை தடவை தட்டிக் கேட்டிருப்பார்? உளிச் சத்தத்துக்கு நடுவில்?

*

மானாமதுரை. வைகையில் கீழே போனால் வரும் ஊர். கடம்.

சுற்றுக் கண்மாய்களின் மண். பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, பிறகு தட்டுகிறார்கள். வெளியே மரப்பலகை, உள்ளே கல். தட்டத் தட்டச் சுவர் இறுகுகிறது. கனத்த கடம். விரலுக்கு வலி அதிகம், ஓசைக்குக் கூர்மை அதிகம்.

சூளையிலிருந்து வந்த பிறகே அதன் சுருதி தெரியும். அதன் பிறகு பெரிதாக எதுவும் செய்ய முடியாது. வாசிப்பவர்தான் பாடகருக்கு ஏற்ற கடத்தைத் தேடிப் போக வேண்டும். வீட்டில் வரிசையாகப் பானைகள், ஒவ்வொன்றின் மேலும் சுருதி எழுதி.

கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்கு 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது. வாசித்தவருக்குக் கொடுக்கும் அதே அகாதெமி. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு.

கண்மாயில் தண்ணீர் நின்றால் மண் எடுக்க முடியாது. தண்ணீரே வராவிட்டால் வண்டல் சேராது.

*

பேண்டு செட். மேலமாசி வீதியில் ஒரு ஊர்வலம்.

கிளாரினெட், டிரம்பெட், யூஃபோனியம், சைடு டிரம், பெரிய டிரம். சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, காலில் ரப்பர் செருப்பு.

டிரம்பெட்டில் நோட்டுத்தாள் மாட்டும் கிளிப் இருக்கிறது. தாள் இல்லை. எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

கிளாரினெட்டில் கமகம். சாவிகளுக்கு நடுவில் உதட்டாலேயே வழுக்கி வழுக்கிப் போகிறார். அந்தக் கருவியைச் செய்த ஜெர்மானியர் கேட்டால் அழுதிருப்பார், சந்தோஷத்தில்.

காலையில் கல்யாணம், மாலையில் சாவு. கோட்டு அதே. பாட்டு வேறு.

"எதுண்ணே கஷ்டம்?"

"சாவு வீடுதான் தம்பி. நடந்துக்கிட்டே ஊதணும். வெயிலு வேற. பித்தளை வாயில ஒட்டிக்கிரும்."

*

வெயில். இதைக் கணக்காகவே எழுதி வைக்கிறேன்.

காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் 343 மீட்டர். 40 டிகிரியில் 355. ஊதுகருவியின் சுருதி அதோடு ஏறும். குழாய்க்குள் முழுக்க அந்தச் சூட்டுக் காற்று இருந்தால் ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதிக்கு மேல். ஊதுபவரின் மூச்சு கொஞ்சம் சமன்செய்யும்.

கம்பி சூட்டில் நீளும், தளரும். சுருதி இறங்கும்.

ஆக, சித்திரை மாதம் மதுரையில் ஒரு ஆர்கெஸ்ட்ராவைத் திறந்தவெளியில் உட்கார வைத்தால் முன்வரிசை வயலின்கள் கீழே போகும், பின்வரிசைப் பித்தளைகள் மேலே போகும்.

தோல் வறண்டு இறுகும். மழையில் தொய்யும்.

பறைக்கு வழி தெரியும். வைக்கோலைக் கொளுத்து, காட்டு, தட்டு, மறுபடி காட்டு. மரச்சட்டத்தில் தோலை ஒட்டியது புளியங்கொட்டைப் பசை. ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் நீண்ட சிம்புக்குச்சி. காய்ச்சிய பறையின் முதல் அடி தெருமுனை வரை போகிறது. தீ அணையும் முன்பே அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

லண்டனில் ஓபோக்காரர் அரங்கத்தின் ஏசி அளவைக் கேட்டு வாங்குகிறார்.

*

1939, மே. லண்டனில் ஒரு சர்வதேச மாநாடு. ஆர்கெஸ்ட்ராவின் சுருதிக்கு ஒரே அளவு: விநாடிக்கு 440 அதிர்வு. ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம் இனி வேண்டாம்.

1939, ஜூலை 8. மதுரை. வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசம். அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள்.

இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

நாதசுரம் சந்நிதி வரை போகும். தவிலும் போகும். பறை?

தோல் அதே மாட்டின் வகையறாதான்.

*

அரசரடி. தமிழ்நாடு இறையியல் கல்லூரி. தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தார். மாணவர்களுக்குப் பறட்டை அண்ணன். 2005இல் மறைந்தார்.

தேவாலய வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டைக் கொண்டுவந்தார். பறையைக் கொண்டுவந்தார். சாவுக்கு அடிப்பதைச் சாமிக்கு அடிப்பதா என்று கேட்பவர்கள் இருந்த காலம்.

ஆர்மோனியமும் கீபோர்டும் சேர்ந்தே ஒலிக்கும் அதே இடத்தில் பறை. ஆர்கெஸ்ட்ரா என்றால் யார் யார் ஒரே அறையில் உட்காரலாம் என்பதும்தானே.

*

அனுமந்தராயன் கோயில் தெரு. முகப்பில் வீணை உள்ள வீடு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வீடு. பிறந்தது 1916.

தாய் சண்முகவடிவு வீணை. பாட்டி அக்கம்மாள் வயலின். அந்தக் காலத்தில் ஒரு பெண் வயலின் வாசிப்பது எத்தனை கண்களைச் சந்தித்திருக்க வேண்டும்.

தெருவில் இன்று கடைகள். வீணையை அண்ணாந்து பார்க்க நின்றால் பின்னால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

*

முத்துசுவாமி தீட்சிதர். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரங்கள். சங்கராபரணத்தின் சுரங்களில். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டில்கூட ஒன்று.

தம்பி பாலுசாமி வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார்.

அண்ணன் மதுரைக்கும் வந்தார், மீனாட்சியைப் பாடினார், 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார்.

ஒரே வீட்டில் ஒருவர் மெட்டை எடுத்துக்கொண்டார். ஒருவர் கருவியை எடுத்துக்கொண்டார்.

*

விபுலானந்தர். மட்டக்களப்புக்காரர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வை எழுதியவர், 1916. யாழ் நூல் 1947.

யாரும் வாசித்துக் கேட்காத கருவிக்கு நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டார். கணக்கைப் பின்தொடர முடியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நிறையக் கோடுகள்.

*

பண்ணைப்புரம். 1943இல் இளையராஜா பிறந்த ஊர். அன்று மதுரை மாவட்டம். 1996இல் பிரிந்த தேனி மாவட்டம் இப்போது.

அண்ணன் பாவலர் வரதராசன். கட்சி மேடைகள். ஆர்மோனியத்தோடு ஊர் ஊராக. மைக் கிடைத்தால் மைக். கிடைக்காவிட்டால் தொண்டை.

1968 சென்னை. தன்ராஜ் மாஸ்டர். மேற்கத்திய நொட்டேஷன். 1976 'அன்னக்கிளி'.

இளையராஜா எழுதும்போது பக்கத்தில் கருவி இருப்பதில்லை என்கிறார்கள், கூட இருந்து பார்த்தவர்கள். தாள், பேனா. வயலினுக்கு, வியோலாவுக்கு, செல்லோவுக்கு, பேஸுக்கு, தனித்தனி வரி. வாசிப்பவர்கள் வந்து உட்கார்ந்து வாசிக்கும்போதுதான் அது முதல்முறையாக ஒலிக்கிறது. அவருக்கு மட்டும் அது இரண்டாம் முறை.

1986 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வயலின் வி.எஸ். நரசிம்மன்.

1993. லண்டன், ராயல் பில்ஹார்மோனிக், ஜான் ஸ்காட் நடத்த ஒரு சிம்பொனி. பதிவானது. வெளிவரவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த நாடாவை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊரில் டீக்கடைக்கு இரண்டு பேராவது உண்டு.

2005. திருவாசகம், புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ரா. மாணிக்கவாசகர் திருவாதவூர்க்காரர். மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரம்.

2025, மார்ச் 8. லண்டன், அப்பல்லோ அரங்கம். 'வேலியன்ட்' சிம்பொனி. நான்கு பாகங்கள். நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ்.

அன்று ராத்திரி இங்கே ஒரு சலூனில் போனைச் சுற்றி நாலு பேர். யாரோ எடுத்து அனுப்பிய துண்டு வீடியோ. சத்தம் உடைந்து உடைந்து வருகிறது. முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டார்.

"எந்தப் பாட்டு மாமா இது?"

"பாட்டு இல்லடா. கேளு."

*

கிராமத் திருவிழாவில் நாதசுரக்காரர் சட்டையில் நோட்டுக் குத்துகிறார்கள். வாசிப்பை நிறுத்தாமல் நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் கொடுக்கிறார். பத்து, ஐம்பது, நூறு. குத்தியவர் பெயர் மைக்கில். பெயர் முடியும்வரை தவில் காத்திருந்து, சரியாக அங்கே ஒரு முத்தாய்ப்பு வைக்கிறது.

மேற்கத்தியக் கச்சேரியில் பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே கைதட்டக் கூடாது என்பது வழக்கம். இருமலாம். அந்த இடைவெளிக்காக அடக்கி வைத்த இருமல்கள் பல ரெக்கார்டுகளில் பதிவாகியிருக்கின்றன.

*

தமுக்கத்தில் 2022இல் திறந்த மாநாட்டு மையம் இருக்கிறது. ஏசி இருக்கிறது. ஓபோ தாங்கும். வயலின் தாங்கும்.

'வேலியன்ட்' அங்கே வர வேண்டும். அழகர் எதிர்சேவைக்கு வந்து நிற்கும் அதே தல்லாகுளம் சாலைப் பக்கம்.

ஆரம்பிக்கும் முன் டங்கா மாட்டு முரசும் டிம்பனியும் ஒரு தடவை ஒன்றையொன்று கேட்க வேண்டும். வாசலிலாவது.

மானாமதுரையிலிருந்து ஒரு கடம் செய்கிறவர். பேண்டு செட் கிளாரினெட்காரர், அன்று முகூர்த்தம் இல்லாவிட்டால். பறை காய்ச்சுகிறவர். சீவாளி செய்கிறவர், திருவாவடுதுறையிலிருந்து, பஸ் செலவு கொடுத்து. எல்லோருக்கும் முதல் வரிசை.

ஓபோ அந்த ஒரு சுரத்தை ஊதும்போது சீவாளிக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். நாக்கு இன்னும் கொஞ்சம் வேகணும் என்று அவர் சொன்னால், அதை ஓபோக்காரரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆள் பார்த்து வைக்க வேண்டும்.